ஏழாவது வளைவும் பதினொரு கிலோ பூசணிக்காயும்

தம்பி, காலு, காலைப் பாத்து. மாவுக்கட்டு போட்டிருக்குதுங்க. அப்படியே உள்ள தள்ளி சன்னலோரம் உக்காந்துக்குங்க, நான் இந்தக் காலை நடைபாதையிலதான் நீட்டியாகணும். கண்டக்டர் மடக்கச் சொன்னாரு. மடங்குற காலா இருந்தா நான் எதுக்குங்க ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

மடியில இருக்கறதா? பூசணிக்காய்ங்க. எட்டு கிலோ. இன்னிக்குக் கட்டுப் பிரிக்கறாங்க, அதுக்கு ஒரு வேண்டுதல். நீங்க ஒரு உதவி பண்ணுங்க. இந்த மலையில மொத்தம் பதினாலு வளைவு. கீழ இருந்து எண்ணி போர்டு வெச்சிருக்காங்க, நாம இறங்கறதால பதினாலு, பதிமூணுன்னு பின்னாடியிருந்து வரும். ஏழுன்னு போர்டு பாத்ததும் என் தோளைத் தட்டுங்க. சன்னல் உங்க பக்கம்தான. டிரைவர் மாரப்பன் நம்மாளுதான். "அங்க வந்ததும் குரல் குடு, பாக்கலாம்"னு சொல்லியிருக்காரு. நான் குரல் குடுக்கணும், அதுக்கு நீங்க தட்டணும். நானா பாத்துக்குவேன்னு விட்டறாதீங்க. எனக்குப் பேச்சு வந்துச்சுன்னா பிரேக்கு பிடிக்காதுங்க.

நம்ம பேரு செங்கோடன். மேல ஊர்ல மைக்செட்டு வாடகைக்கு விடறேன். கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அறிவிப்பும் நாமதான். படிப்பு அஞ்சாவது. அதுல மூணாவதை ரெண்டு தடவை படிச்சேன், அந்தக் கணக்குல பாத்தா ஆறாவதுன்னும் சொல்லலாம்.

முன்னாடி நிக்கிறாரு பாருங்க, ஒருத்தரு. நாட்டுக்கோழி முட்டை அட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. பாவம், புதுசு போல. ஆறு மாசத்துக்கு முன்னாடி இந்தக் கோலத்துல அவரு ஏழாவது வளைவைத் தாண்டியிருந்தாருன்னா அம்புட்டும் ஆம்லெட்டு. அந்த வளைவுல பஸ்ஸு வழுக்கறது நின்னுட்டு வர்றவனுக்கு நல்லாத் தெரியும்ங்க. டயரு ஒரு சாண் அப்படியே நழுவும். நிக்கிறவன் பூரா உக்காந்திருக்கறவன் மடியில. ரெண்டு கல்யாணமே அப்படி முடிவாயிருக்குது எங்க ஊர்ல.

பஸ்ஸுக்கே அந்தக் கதின்னா ரெண்டு சக்கரத்தை நினைச்சுப் பாருங்க. ரெண்டு வருசத்துல பத்தொம்பது பேரு விழுந்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் ஒரு தினுசு. கிராம நிர்வாக ஆபீசுல இருந்து ஒரு கிளார்க்கு வந்தாரு. வண்டி ஒரு பக்கம் போகுது, செருப்பு ஒரு பக்கம் போகுது, மனுசன் பைலை மட்டும் விடலை. மல்லாக்கக் கிடந்துக்கிட்டு, "பக்கம் பதினேழைக் காணோம், பக்கம் பதினேழு"ங்கறாரு. முட்டியில ரத்தம், தேடறது பதினேழு. அப்பறம் பெங்களூர்ல இருந்து சோடியா வந்தாங்க, பெரிய மோட்டார் சைக்கிளு. ட்டுப்பு ட்டுப்பு ட்டுப்புன்னு வந்தது, சர்ர்ர்ர், தொப். எழுந்திரிச்ச பொறவு அந்தப் பையன் மொதல்ல வண்டியைத் தடவிக் குடுக்கறான். அந்தப் பொண்ணு அவனைப் பாத்துச்சே ஒரு பார்வை. இப்படி. அதுக்கப்பறம் அந்தப் பையன் இன்னும் கண்ணாலம் பண்ணியிருக்க மாட்டான்.

சிரிங்க சிரிங்க, எல்லாருந்தான் சிரிப்பாங்க. டீக்கடையில சாயங்காலம் ஆனா நான் விழுந்து காட்டணும். நெசமாலுமே தரையில விழுவேனுங்க, சும்மா கையால காட்டறதில்ல. "செங்கோடா, அந்தக் கிளார்க்கு எப்படி விழுந்தாரு?" தொப். "அந்தக் காய்கறி வண்டி?" தொப். சின்னப் புள்ளைங்க கூட்டமா வந்து கை தட்டும்.

ஒண்ணை மட்டும் பண்றதில்ல. பால் சொசைட்டியில அளக்குதே கந்தாயி, அதோட வூட்டுக்காரரு போனது அந்த வளைவுலதான். போன தை மாசம். அதை யாரும் கேக்கவும் மாட்டாங்க.

எத்தனைங்க இது, பன்னெண்டா? சரி, இன்னும் இருக்குது.

அந்த எடத்துக்கு அவ்வளவு கெட்ட கண்ணுங்க. அதனாலதான் பூசணிக்காய். யாராவது விழுந்தாங்கன்னா ஊர்ல மொதல்ல ஆம்புலன்சுக்கு போன் பண்ணுவாங்க, ரெண்டாவது எனக்குத்தான். கைராசிங்க நமக்கு. நல்ல வெள்ளைப் பூசணியா எடுத்து, மேல வட்டமா வெட்டி, உள்ள குங்குமத்தைக் கொட்டி, சூடத்தைக் கொளுத்தி, மூணு சுத்து சுத்தி, வளைவுக்கு நட்ட நடுவுல ஓங்கி ஒரு போடு. சிதறணும். எவ்வளவு தூரம் சிதறுதோ அவ்வளவு நல்லது. நான் உடைச்சா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போகும்ங்க.

ஆனா பாருங்க தம்பி, அந்தக் கண்ணு அவ்வளவு லேசுப்பட்டதில்ல. அம்மாவாசைக்கு ஒண்ணு உடைப்பேன். மறுநாள் காலையில ஒருத்தரு விழுவாரு. விடுவேனா நானு? உடனே இன்னொண்ணு. அதுக்கு மறுநாள் இன்னொருத்தரு. போன வருசம் ஐப்பசியில ஒரே வாரத்துல அஞ்சு காய் உடைச்சேன், அஞ்சு பேரு விழுந்தாங்க. காயே உடைக்காம இருந்திருந்தா எத்தனை பேரு விழுந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 

அப்பத்தான் நெடுஞ்சாலைத் துறையில இருந்து ஒரு மேடம் வந்தாங்க. இன்ஜினியரு. திருநெல்வேலிப் பக்கம், பேரு இசக்கி. நம்ம கோகிலாவைவிட ரெண்டு வயசு கூட இருந்தா அதிகம். கோகிலவாணிங்கறது எம் பொண்ணுங்க, ஒரே பொண்ணு, அவளைப் பத்திச் சொல்றேன் இருங்க. இந்த மேடம் ஜீப்புல இருந்து ஒரு மிசினை இறக்குனாங்க. மூணு காலு, மேல ஒரு கை, கையோட நுனியில ஒரு துண்டு ரப்பர். அவ்வளவுதான் மிசினு. ரோட்டுல தண்ணியை ஊத்தி, கையைத் தூக்கி விடறாங்க. அது ஊஞ்சலாட்டம் வந்து ரப்பரு ரோட்டைத் தேச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகுது. ரோடு நல்லாப் புடிச்சா கை கொஞ்சந்தான் மேல போகும், வழுக்குனா எகிறிப் போகும். அதை வெச்சு ஒரு நம்பரு. ஊரே சுத்தி நிக்குது. நான் சும்மா இருப்பனா. நானும் ஒரு கையைத் தூக்கிக்கிட்டு, ஒத்தைக் கால்ல நின்னு, வீய்ய்ங், டக். வீய்ய்ங், டக். மேடமே சிரிச்சுட்டாங்க.

"அண்ணாச்சி, நாப்பத்தஞ்சுக்கு மேல வரணும். இங்க இருபத்தெட்டுதான் வருது. ரோடு பளபளன்னு இருக்குலா, பாத்தியளா?"

"ரோடு பளபளன்னு இருந்தா நல்லதுதானுங்களே மேடம்"னேன்.

"ஒங்க வீட்டு அம்மி பளபளன்னு இருந்தா அதுல சட்னி அரைப்பியளா?"

அங்க பிடிச்சாங்க பாருங்க என்னை. அம்மி வழவழன்னு ஆயிட்டா அரைபடாது, கொத்தணும். அதே மாதிரி இத்தனை வருசமா டயரு தேச்சுத் தேச்சு ரோட்டுல இருக்கற கல்லெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சாம். அதுல மழைத்தண்ணி பட்டா டயருக்குப் பிடிமானமே கிடையாதாம். வளைவுல பிடிமானம் இல்லைன்னா வண்டி திரும்பாதாம், நேராப் போகத்தான் பாக்குமாம். "நீங்க ஸ்டியரிங்கத் திருப்புதிய, ரோடு திருப்ப விடணும்லா"ன்னாங்க. அஞ்சாங்கிளாஸ்ல இந்த மேடம் வாத்தியாரா இருந்திருந்தா நான் கலெக்டராயிருப்பேன்.

ஆனா கண்ணுன்னு ஒண்ணு இருக்குதே, அதை மிசினு காட்டுமா? அதைக் கேட்டேன். மேடம் ஜீப்புல ஏறி உக்காந்து பிஸ்கட்டு தின்னாங்க.

ஒரு மாசம் கழிச்சு வேலை ஆரம்பிச்சாங்க. மூணு நாளைக்குப் பாதி ரோட்டை அடைக்கணும், ஊர்ல அறிவிப்புப் பண்ணுங்கன்னு நம்மளைத்தான் கூப்பிட்டாங்க. ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். என்ன, இருபது வருசமா நோம்பிக்கே அறிவிச்சுப் பழகுன வாயி. "பேரன்பு கொண்ட பெரியோர்களே, தாய்மார்களே, வருகின்ற வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று தினங்களும் நமது ஏழாவது வளைவில் மாபெரும் சாலைப்பணி வெகு விமரிசையாக நடைபெற இருப்பதால், பொதுமக்கள் அனைவரும்..." அங்க "அவ்வழியே வருவதைத் தவிர்க்கவும்"னு எழுதிக் குடுத்திருந்தாங்க. வாயி பழக்கம். "குடும்பத்துடன் வந்திருந்து சிறப்பிக்குமாறு"ன்னு முடிஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில எறநூறு பேரு. கட்டுச்சோத்தோட வந்துட்டாங்க. பலூன்காரன் வந்துட்டான்.

மேடம் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்னையப் பாக்கறாங்க. "அண்ணாச்சி, வராதீங்கன்னு சொல்லச் சொன்னா, வெத்தல பாக்கு வெச்சு அழைச்சிட்டு வந்திருக்கிய."

ஆனா வேலை சுத்தம்ங்க, சொல்லணும். ரோட்டைக் கழுவிக் காய வெச்சு, பசை மாதிரி ஒண்ணைத் தடவி, அது மேல பொடிக்கல்லு தூவுனாங்க. பழுப்பு நெறம். கையில எடுத்தா கண்ணாடிச் சில்லாட்டம் குத்தும். நூத்தியிருவது மீட்டர் நீளம், வளைவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தொடங்கி அந்தாண்டை வரைக்கும். ஆளுங்க குனிஞ்சு வேலை செய்யறப்ப நான் பின்னாடியே நின்னு "அம்மி கொத்தலையோ, அம்மி, ஆட்டாங்கல்லு கொத்தலையோ"ன்னு ராகம் போட்டுக்கிட்டிருந்தேன். மேல கடைசி வூட்டுல இருந்து ஒரு பாட்டி நெசமாலுமே அம்மியைத் தூக்கிட்டு வந்துருச்சு.

பசை நல்லா இறுகணும், ரெண்டு மாசத்துக்கு இங்க எதையும் உடைக்கக் கூடாது, கொளுத்தக் கூடாதுன்னு மேடம் எங்கிட்டத் தனியாச் சொன்னாங்க. சரின்னுட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, ரெண்டு மாசம் ஒரு ஆளு விழலை. டீக்கடையில எல்லாரும் மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. "என்ன செங்கோடா, புதுசா ஒண்ணும் இல்லையா?" எங்கிருந்துங்க வரும். பழைய கிளார்க்கையே எத்தனை நாளைக்கு விழ வைக்கிறது.

ரோடுதான் காரணம்னு ஊர்ல பாதிப் பேரு பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு. ஏனுங்க, ரெண்டு வருசமா நான் உடைச்ச காய் எத்தனை? அத்தனையும் எங்க போகும்? பேட்டரியாட்டம் அதுல சார்ஜு நிக்கும்ங்க. அந்த சார்ஜுலதான் ரெண்டு மாசம் ஓடுனது. இது எம்பட கணக்கு.

சார்ஜு தீர்ற நேரம் பாத்து எம் பொண்ணுக்கு வேலை கிடைச்சுது.

கோகிலா லேப்புக்குப் படிச்சிருக்குதுங்க. ரத்தம் எடுக்கறது, டெஸ்ட்டு பண்றது. கீழ டவுன்ல ஒரு லேப்புல சேந்துருச்சு. காலையில ஆறரைக்குக் கிளம்பணும், வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றவங்க காத்திருப்பாங்களாம். பஸ்ஸு ஆறே முக்காலுக்குத்தான். அதுனால ஒரு ஸ்கூட்டரை எடுத்துருச்சு. சிவப்புக் கலரு. மொத நாளு அது கிளம்பிப் போறப்ப சத்தம் கேட்டுக்கிட்டே வாசல்ல நின்னேன். பதினாலு, பதிமூணு, பன்னெண்டுன்னு நான் மனசுல எண்ணறேன். எட்டுல சத்தம் தேஞ்சு போச்சு. ஏழு எனக்குக் கேக்காதுங்க. கீழ போய்ச் சேந்து அது போன் பண்ற வரைக்கும் எட்டுலயே நிக்குது எனக்கு. நான் பேசாம இருந்த அரை மணி நேரம் என் ஆயுசுலயே அது ஒண்ணுதான்னு வூட்டுக்காரி சொல்றா.

அப்ப நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அந்த அம்மாவாசைக்கு ஒண்ணு உடைச்சுட்டேன். சின்னதுதான், நாலு கிலோ. என் நேரம், அன்னிக்குப் பாத்து மேடம் மிசினைத் தூக்கிட்டு வந்திருக்காங்க, ரெண்டு மாசம் ஆச்சே, ரோடு எப்படி இருக்குதுன்னு பாக்க. சுத்தமா இருந்த எடத்துல அடிச்சுப் பாத்தாங்க, அறுவத்தி ஒண்ணு. நடுவுல வந்து அடிச்சாங்க. கை எகிறிப் போகுது. இருபத்திரெண்டு. மேடம் குனிஞ்சு அந்த ரப்பர்ல ஒட்டியிருந்ததை நகத்தால எடுத்து என் உள்ளங்கையில வெச்சாங்க.

"அண்ணாச்சி, இது ஒங்களுதா?"

பூசணி விதைங்க.

"கல்லு எவ்வளவு சொரசொரன்னு இருந்தாலும், அது மேல நீங்க கூழைத் தடவினா டயரு கல்லையா பிடிக்கும், கூழைலா பிடிக்கும்?"

எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. வேறென்ன, பொறாமைதான். விழாம இருந்ததுக்குப் பேரு பூசணிக்காய்க்குப் போயிருமேன்னு. படிச்சவங்களுக்கு அது இருக்கத்தான் செய்யும், நான் தப்புச் சொல்லலை. ஆனா நம்ம கோகிலாவும் அவங்களும் சேந்துக்கிட்டாங்க. வூட்டுக்கே வந்து டீக் குடிச்சுட்டு, ரெண்டு பேருமா என்னைய நடுவுல உக்கார வெச்சு, இனிமே ரோட்டுல உடைக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பண்ணிக் குடுத்தேன். சத்தியம் குடுக்காம டீ கிளாசைக் கையில தர மாட்டேங்குது எம் பொண்ணு.

பத்தாவதா? சரி சரி. பாருங்க, ஒரு கண்ணு போர்டு மேலயே இருக்கட்டும்.

அடுத்த அம்மாவாசை வருது. என்னால தூங்க முடியலைங்க. இடையில காயே இல்ல. உடைச்ச நாலு கிலோவையும் மேடத்தோட ஆளுங்க கழுவி விட்டுட்டாங்க. சார்ஜு சுத்தமா இல்ல. புள்ளை அதுபாட்டுக்குத் தெனமும் போகுது. எட்டு, எட்டு, எட்டுன்னு தலைக்குள்ள அடிக்குது. சத்தியம் பண்ணியிருக்கேன்தான். ஆனா பெத்த புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தச் சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்றது?

சந்தையில பாத்து எடுத்தேன். பதினொரு கிலோ. அந்த மாதிரிக் காயை நான் கண்டதே இல்ல. கோகிலா கிளம்பறதுக்கு முன்னாடி, விடியறப்பவே டி.வி.எஸ். வண்டியில முன்னாடி வெச்சுக்கிட்டு சத்தமில்லாம இறங்கிட்டேன். குங்குமம், சூடம், மூணு சுத்து. "எம் புள்ளை போற பாதைக்குக் காவல் இரு சாமி"ன்னு சொல்லி ஓங்கிப் போட்டேன் பாருங்க. பாறை வெடிச்ச மாதிரி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். அப்படி ஒரு சிதறல் ஆயுசுல சிதறுனதில்ல.

உடைச்ச பொறவு திரும்பிப் பாக்கக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியும்ல? திரும்பிப் பாத்தா அத்தனையும் நம்ம மேல ஏறிக்கும். நான் கீழ பாத்து நின்னு உடைச்சேன். ஊரு மேல இருக்குது. அதனால திரும்பாம நேராக் கீழ போயி, ஆறாவது வளைவுல வண்டியைத் திருப்பிக்கிட்டு மேல ஏறி வந்தேன். வந்தா, உடைச்ச எடம் நேரா எதுக்கால வருது. பாக்கக் கூடாது.

கண்ணை மூடிக்கிட்டேன்.

என்னங்க சிரிக்கறீங்க. வேற வழி இருக்குதா? ஒரு நொடிதான் மூடுனது. முன் சக்கரம் அதுபாட்டுக்கு இடது பக்கம் போகுது, நான் அதுபாட்டுக்கு வலது பக்கம் போறேன். தொப். பதினெட்டுப் பேரை விழுந்து காட்டியிருக்கேன், அத்தனை விழுகையிலும் இல்லாத ஒரு தினுசு. காலு அடியில, வண்டி மேல. கணுக்காலு டக்குன்னுச்சு. முழங்கையைப் பாருங்க, இந்தத் தழும்பு. அந்தக் கல்லு கிழிச்சது. முன்னெல்லாம் அந்த ரோட்டுல விழுந்தா வழுக்கிட்டுத்தான் போவாங்க. இப்ப விழுந்தா தேங்காய் துருவறாப்புல துருவி விட்டுருது. அதுக்குத்தான் துறை மேல மனு போடலாம்னு இருக்கேன். ரோட்டைச் சொரசொரன்னு போட்டீங்க சரி, விழறவன் கதி என்னன்னு யோசிச்சீங்களா?

அப்ப மேல சத்தம் கேக்குது. ஸ்கூட்டரு. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? ஒன்பது. எட்டு. ஏழுல நான் கிடக்கேன். கூழுக்கு நடுவுல. என்னால எந்திரிக்க முடியலை. கத்தறேன். இத்தனை பேரு குரலைப் போடறவன், அன்னிக்கு எங்குரலு வரலைங்க. காத்துத்தான் வருது.

வளைவு திரும்பி வந்துட்டா கோகிலா. என்னையப் பாத்துட்டு பிரேக்கைப் பிடிச்சா. கொர்ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், அந்தப் பொடிக்கல்லுல டயரு உரசுனா அப்படித்தான் கத்தும், கொர்ர்ர்ர்ர்ர், இப்படி, ஆட்டுக்கல்லுல வெறுங்குழவியை ஓட்டுனாப்புல, கொர்ர்ர்ர்ர்ர்ர்ருன்னு. ஏனுங்க முன் சீட்டு அக்கா, பயப்படாதீங்க, நான்தான் கத்துனேன். வண்டி ஒரு விரக்கடை நழுவலை. ஆணி அடிச்சாப்புல நின்னுச்சு. கூழு ஆரம்பிக்கற எடத்துக்கு ரெண்டு மொழம் முன்னாடி.

இனிமே கேளுங்க தம்பி, பெத்த மனசு எப்படி வேகும்னு. அப்பன் விழுந்து கிடக்கேன். காலு ஒரு பக்கம் திரும்பியிருக்குது. எம் பொண்ணு இறங்கி வர்றா. ஓடி வந்து தூக்குவான்னு கையை நீட்டறேன். என்னையத் தாண்டிப் போறா. ரோட்டோரத்துல இருந்த காட்டுச்செடியில ஒரு கொத்தை ஒடிச்சா. கூட்ட ஆரம்பிச்சுட்டா. ரோட்டை. கூட்டறா தம்பி, மார்கழி மாசம் வாசல் கூட்டறாப்புல, சரக்கு சரக்குன்னு. "கண்ணு, காலு கண்ணு"ங்கறேன். "இருப்பா"ங்கறா. "தண்ணி, தண்ணி"ங்கறேன். பையில இருந்து பாட்டிலை எடுத்தா, மூடியைத் தொறந்தா, கொண்டு போயி ரோட்டுல ஊத்தறா. எனக்குக் கேட்டா ரோட்டுக்கு ஊத்தறா. அப்பறம் ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளி அள்ளி மேல தூவறா. புதுத் துணிங்க போட்டிருந்தது. கையெல்லாம் குங்குமமும் கூழும்.

பொறவுதான் வந்து வண்டியை எம்மேல இருந்து தூக்குனா. என்னைய ஓரமா இழுத்து உக்கார வெச்சா. எல்லாத்துக்கும் பொறவு. இதை ஊர்ல சொன்னா ஒருத்தனும் என் பக்கம் பேச மாட்டேங்கறான்.

அதுக்குள்ள ஆறே முக்கா பஸ்ஸு வந்துருச்சு. இதே பஸ்ஸுதாங்க, காலையில மொத நடை, மாரப்பன்தான். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பூரா கீழ டவுனுக்கு அதுலதான் போகும். நிக்க எடமில்லாம தொங்கிட்டு வரும். கொர்ர்ருன்னு வந்துச்சு, கூட்டுன எடத்து மேல ஏறி வளைஞ்சு கீழ போச்சு. புள்ளைங்க என்னையப் பாத்துருச்சுங்க. "டேய், செங்கோடு மாமா விழுந்து காட்டறாருடா"ன்னு ஒரே கத்தல். சன்னல் பூரா கை. தட்டுதுங்க. நான் என்ன பண்ண, நானும் கையை ஆட்டுனேன்.

அதுல கந்தாயி பொண்ணும் இருந்துச்சு. ஏழாவது படிக்குது. அதுவும் தட்டுச்சு.

சரி, அதை விடுங்க.

ஆம்புலன்சு வர்ற வரைக்கும் கோகிலா எம் பக்கத்துல உக்காந்திருந்தா. கையில குங்குமம் காஞ்சு போயிருக்குது. ஒண்ணுதான் கேட்டா. "எனக்காக உடைச்சயாப்பா?"ன்னா. ஆமான்னேன். "நான் ஒரு நிமிசம் முன்னாடி வந்து இதுல விழுந்து போயிருந்தா, அடுத்த காயை யாருக்காக உடைச்சிருப்ப?"

ஆம்புலன்சு வருதான்னு கீழ எட்டிப் பாத்தேங்க நானு. கால்ல வலி. அதான்.

ஆறு வாரம் ஆச்சு. இடையில மேடம் ஆரஞ்சுப் பழத்தோட பாக்க வந்தாங்க. "எப்படி இருக்கிய அண்ணாச்சி"ன்னாங்களே ஒழிய வேற ஒரு வார்த்தை கேக்கலை. விதையெல்லாம் எடுத்துட்டுத்தான் பழத்தை உரிச்சுக் குடுத்தாங்க, அதுல ஏதோ குத்தல் இருக்குது. ஆனா அன்னிக்கு ஸ்கூட்டரு அங்க நின்னதுக்குக் காரணம் கல்லுதான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கேக்கறேன், பதினொரு கிலோ காயி காவலுக்கு இருந்துச்சே, அதுக்குப் பங்கில்லையா? பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கலாம். நான் பிடிவாதக்காரன் இல்ல.

ஆஸ்பத்திரியில கட்டுப் போடறப்ப வேண்டிக்கிட்டேன், நல்லபடியா பிரிக்கற அன்னிக்கு அதே எடத்துல ஒண்ணு உடைக்கறேன்னு. சத்தியம் இருக்குது, தெரியும். ஆனா வேண்டுதலும் இருக்குதே. அதுக்கு நான் ஒரு வழி பண்ணி வெச்சிருக்கேன். இந்தப் பையைப் பாத்தீங்களா, காலுக்குப் பின்னாடி. ஆமா, வெளக்குமாறுதான். புதுசு. ரெண்டு பாட்டிலு தண்ணி. உடைச்சுட்டு நானே கூட்டிக் கழுவி விட்டுட்டு ஏறிக்குவேன். கோகிலா சொல்லியெல்லாம் இல்லைங்க. எனக்காத் தோணுச்சு. திரும்பிப் பாக்காமக் கூட்டறது எப்படின்னுதான் இன்னும் பிடிபடலை. பின்னாடி நடந்துக்கிட்டே கூட்டலாம்னு ஒரு யோசனை.

ஏனுங்க மாரப்பண்ணே, ஏழாவது வந்தா கொஞ்சம்...

என்னது?

தாண்டியாச்சா?

எப்பங்க? சும்மா சொல்லாதீங்க. போர்டுல என்ன... அஞ்சா? அஞ்சுன்னா போட்டிருக்குது. அப்ப ஏழு எங்க போச்சு? ஏனுங்க, ஏழாவது வளைவு தாண்டறது தெரியாம இருக்குமா? நிக்கிறவங்க பூரா நின்ன எடத்துலயே இருக்காங்க. யாரும் யாரு மடியிலயும் விழலையே. முட்டைக்காரரே, ஓய், முட்டை எல்லாம் இருக்குதா? எண்ணிப் பாருங்க. ஒண்ணு கூடவா உடையலை?

ரோடு கொர்ருன்னு கத்தியிருக்கணுமே. நான் கத்துன கத்துல அது கேக்காமப் போச்சோ.

தம்பி, உங்களைத்தான தட்டச் சொன்னேன். போர்டைப் பாக்கலையா நீங்க? பாத்தீங்களா? பாத்துட்டும் தட்டலையா? எதுக்குங்க சிரிக்கறீங்க? மாரப்பண்ணே, நீங்களும் கண்ணாடியில பாத்து சிரிக்கறீங்க. ஓகோ. கோகிலா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லி வெச்சிருக்குதா?

சரி. விடுங்க. போகட்டும்.

மணி ஒம்பதரை. இந்நேரம் அது லேப்புல யாரு கையிலயாவது ஊசியைக் குத்திக்கிட்டிருக்கும். காலையில போன் பண்ணுச்சுங்க, வந்து சேந்துட்டேன்னு. நான்தான் பூசணிக்காய் வெட்டற அவசரத்துல சரியாக் காதுல வாங்கலை.

தம்பி, உங்க வூட்டுல மோர்க்கொழம்பு வைப்பாங்களா? இந்தாங்க, பிடிங்க, கனமா இருக்கும், ரெண்டு கையாலயும். மேல வெட்டுனதோட சரி, குங்குமம் இன்னும் போடலை. பஸ்ஸு குலுங்காது, பயப்படாம மடியில வெச்சுக்குங்க.